தலைப்பாகைக்கு வெள்ளி மூடி

பத்தொன்பதாம் நூற்றாண்டு வியன்னாவில் செதுக்கிய புகைக்குழாய்களின் படங்களைக் காணுந்தோறும் எனக்கொரு நெருடல். குழாயின் கிண்ணம் தாடி வைத்த துருக்கியனின் தலை. தலைப்பாகையின் உச்சியில் வெள்ளி மூடி. அதைத் திறந்து, அம்மனிதனின் மண்டைக்குள் புகையிலையை அடைத்துக் கொளுத்தவேண்டும்! வேலைப்பாடு அற்புதம், மறுப்பதற்கில்லை. மீர்ஷாம் என்னும் அந்த வெண்ணிறக் கல் துருக்கியின் எஸ்கிஷெஹிரிலிருந்து சென்றது. புகையிலையோ அமெரிக்கப் பயிர். ஒஸ்மானியருக்கு அதனைப் பழக்கியோர் ஐரோப்பிய வணிகரே. 1633இல் சுல்தான் நான்காம் முராத் புகைப்போருக்கு மரணதண்டனைகூட விதித்தார். எனினும், புகைத்துச் சோம்பிக் கிடப்பது கீழைத்தேயத்தாரின் பிறவிக்குணம் என்றே பின்வந்த ஐரோப்பியர் கண்டனர். வெள்ளி சிகரெட் பெட்டிகளின் மூடிகளிலும் அந்தப்புரப் பெண்களை எனாமலில் தீட்டினர். ஏல விற்பனைப் பட்டியல்களில் அக்குழாய்கள் இன்றும் 'துருக்கியன் தலை' என்றே குறிக்கப்படுகின்றன. செதுக்கியவரின் பெயர் பெரும்பாலும் இராது.