அழைத்த குரலும் வந்த குரலும்

சேர்த்து வைப்பது ஓர் ஆற்றல் எனில், சேர்த்ததை வேண்டும் பொழுதில் வேண்டியவாறு எடுத்துத் தருவது அதனினும் பெரிய ஆற்றலாகும். நூலகத்தில் ஆயிரமாயிரம் நூல்கள் இருந்தும் நாம் நாடிய நூல் கைக்கு எட்டவில்லை எனில், அந்நூல் இருந்தும் பயன் யாது? ஏட்டில் படித்தறிந்த இவ்வுண்மையை ஓர் ஆர்மோனியப் பெட்டியின் வாயிலாகப் பட்டறிந்த வரலாற்றை ஈண்டு எழுத விழைகின்றோம்.

நமது துறை நாடகங்களுக்கெல்லாம் நெடுங்காலம் ஆர்மோனியம் வாசித்த முதியவர் ஒருவர் இருந்தார். அவர் கல்லூரி ஊழியரல்லர். கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்தவர். ஒத்திகை என்று சொல்லியனுப்பினால் போதும், கடையைப் பூட்டிவிட்டுப் பெட்டியுடன் வந்து நிற்பார். அவர் இறையடி சேர்ந்தபின், அப்பெட்டியை அவர்தம் மகனார் நம் துறைக்கே அளித்தார். துருத்தி தளர்ந்து, ரீடுகள் சில கம்மத் தொடங்கியிருந்தன. பெட்டியைக் காக்க இயலாவிடினும் அதன் குரலையாவது காப்போம் என எண்ணினோம். மாணவர் இருவர் துணையுடன் அதன் 42 கட்டைகளையும், துருத்தியை மென்மையாக அழுத்தி ஒருமுறையும் வன்மையாக அழுத்தி மறுமுறையுமாக, 84 ஒலித்துண்டுகளாகப் பதிந்து கணிப்பொறியில் சேர்த்தோம்.

இவ்வாறு பதிந்த ஒலிகளை விசைகளுக்குப் பங்கிட்டு, கருவி போலவே ஒலிக்கச் செய்யும் மென்பொருளைச் சாம்ப்ளர் என்பர். அதற்குக் கட்டளையிடும் மொழி மிடி. 1983ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுக் கண்காட்சியொன்றில், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரு கருவிகள் ஒரு கம்பியால் இணைந்து ஒன்றன் சொல்லை மற்றொன்று கேட்டபோது, அம்மொழியின் ஆற்றலை உலகம் கண்டது. அதில் 16 தடங்கள் உண்டு. ஒவ்வொரு தடத்திலும் 128 கருவிகளுள் ஒன்றை எண் சொல்லி அழைக்கலாம். 128 போதாதெனில்? கருவிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எண் தருவர். இதனையே பேங்க் என்கின்றனர். தொகுதி எண் இரு பகுதிகளாகச் செல்வதால், 128ஐ 128ஆல் பெருக்க வரும் 16,384 தொகுதிகளுக்கு இடமுண்டு.

1991இல் 128 கருவிகளுக்குப் பொதுப்பட்டியல் ஒன்றை வகுத்தனர். சிதாரும் ஷெனாயும் இடம்பெற்ற அப்பட்டியலில் வீணைக்கும் நாகசுரத்துக்கும் இடமில்லை. ஆர்மோனியத்துக்கு உறவான ரீடு ஆர்கன் உண்டு. ஆயினும் அது நம் முதியவரின் பெட்டியாகுமா? ஆகவே, பொதுப்பட்டியலை 0ஆம் தொகுதியில் வைத்து, நம் ஆர்மோனியத்தை 1ஆம் தொகுதியில் 0ஆம் கருவியாக அமர்த்தினோம்.

மூன்றாண்டுகளுக்கு முன் முத்தமிழ் விழா நடைபெற்றது. தந்தையின் பெட்டி மீண்டும் ஒலிக்கப் போகிறது என்று சொல்லி அம்மகனாரை அழைத்து முன்வரிசையில் அமர்த்தியிருந்தோம். நாடகத்தில் தாய் புலம்பும் காட்சி வந்தது. ஆர்மோனியம் எழ வேண்டிய இடத்தில் பியானோ கணீரென ஒலித்தது. அடுத்த காட்சியில் புல்லாங்குழல் வர வேண்டும், வந்ததோ பேரமைதி! கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்த மாணவர் முகம் வெளிறியது. விழா முடிந்ததும் மகனார் நம்மிடம் வந்து, “சார், அத்தாவோட பெட்டி எப்ப வரும்?” என்று மெல்லக் கேட்டார். நம்மிடம் விடையில்லை.

மறுநாள் கட்டளைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். தொகுதி எண் முன்னும் கருவி எண் பின்னும் செல்ல வேண்டும். தொகுதி எண் மட்டும் சென்றால் ஒலி மாறாது. அதனைத் தொடர்ந்து வரும் கருவி எண்ணே மாற்றத்தை நிகழ்த்தும். நாமோ வரிசையை மாற்றி எழுதியிருந்தோம். 0ஆம் கருவி என்ற கட்டளை முதலில் செல்லவே, பழைய தொகுதியிலிருந்த பியானோ எழுந்தது. பின்னர்ச் சென்ற தொகுதி எண் அடுத்த கட்டளைக்காகக் காத்திருந்தது. புல்லாங்குழலை அழைத்தபோது, ஆர்மோனியம் ஒன்றே குடியிருந்த 1ஆம் தொகுதியில் சாம்ப்ளர் அதனைத் தேடி, காணாது வாளாவிருந்தது. ஒரு பிழை, இரு தண்டனை! குற்றம் கருவியினுடையதன்று, ஒத்திகையில் காட்சிகளை வரிசையாக ஓட்டிப் பாராத நம்முடையதே.

திவாகர நிகண்டு சொற்களைப் பொருள்வகையால் 12 தொகுதிகளாக அடுக்கியது. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையில் அடுக்கியது. சொற்கள் புதியனவல்ல, தேடுவோன் எவ்வழியில் வருவான் என்ற எண்ணமே புதிது. நாமும் அவ்வாறே செய்தோம். காப்பதற்குரிய சேமிப்பில் கருவிகளைத் தந்தி, துளை, தோல் என வகைப்படுத்தினோம். மேடைக்கோ, காட்சிகளின் வரிசைப்படி தனித் தொகுதி ஒன்றை அமைத்தோம். தடங்கள் 16 இருக்க, ஒரே தடத்தில் கருவிகளை மாற்றி மாற்றி அழைப்பானேன்? ஆர்மோனியத்துக்கு ஒரு தடம், குழலுக்கு ஒரு தடம் என முன்னரே ஒதுக்கினோம். மாற்றியே தீர வேண்டிய இடங்களில், முந்தைய ஒலி முற்றும் அடங்கிய இடைவெளியில், அடுத்த சுரத்துக்குச் சற்று முன்பாகவே கட்டளைகளை வைத்தோம். அச்சிட்ட பட்டியலில் 74 என்றுள்ள புல்லாங்குழல், பூச்சியத்திலிருந்து எண்ணும் மென்பொருளில் 73 ஆகும் என்பதையும் பலகையில் எழுதி வைத்தோம்.

அடுத்த ஆண்டு விழாவிற்கும் அம்மகனார் வந்திருந்தார். காட்சி வந்தது, பெட்டி ஒலித்தது. மேல் கட்டையொன்றில் இருந்த சிறு கம்மல்கூட அப்படியே கேட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்களை ஒற்றிக்கொண்டார். ஓராண்டுக்கு முன் அவர் கேட்ட வினாவிற்கு அன்றுதான் விடை தந்தோம்.

மாணவச் செல்வங்களே! முன்னோரின் குரல்களைச் சேர்த்து வைப்பதோடு நம் கடன் முடிவதில்லை. அவை எங்குள்ளன, எவ்வரிசையில் அழைத்தால் வரும் என்பதையும் எழுதி வையுங்கள். நமக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்பவர், அழைத்தவுடன் அக்குரலைக் கேட்க வேண்டுமன்றோ!