கொஸ்லந்தையில் கற்ற தேர்தற் பாடம்

2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒருநாட் காலை, கொழும்பிலிருந்து வந்த புகையிரதத்திலிருந்து அப்புத்தளை நிலையத்தில் இறங்கினேன். மலைமுகட்டில் அமைந்த அச்சிறு பட்டினத்தில் காற்று எந்நேரமும் வீசிக்கொண்டிருக்கும். அங்கிருந்து பேருந்தேறிப் பெரகலைச் சந்தியை அடைந்தால் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அல்துமுல்லை வழியாகத் தலைநகரை நோக்கிச் செல்கிறது. மற்றொன்று மலையின் தென்சரிவைப் பற்றிக்கொண்டு, வளைந்து வளைந்து, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. நான் சென்றது இரண்டாவது பாதையில்.

இடப்பக்கம் வானளாவிய மலை, வலப்பக்கம் அதலபாதாளம். அதற்கப்பால் தென்னிலங்கைச் சமவெளி, நீல நிறக் கம்பளம்போல் அடிவானம் வரை விரிந்து கிடக்கிறது. கொஸ்லந்தையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் தியலும நீர்வீழ்ச்சியைக் காணலாம். 220 மீற்றர் உயரத்திலிருந்து பாறை முகத்தைத் தழுவி விழும் அது, இலங்கையின் உயரமான அருவிகளுள் இரண்டாவது. அதைக் காண்பதற்கென்றே பலர் இவ்வழியே வருகின்றனர். நானும் அவ்வாறு வந்தவன்தான். ஆயினும் அன்றைய தினம் என் மனத்தில் பதிந்தது அருவியன்று. ஒரு முதியவர் சொன்ன சொல்லே.

கொஸ்லந்தைக் கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தேன். அருகில் அமர்ந்திருந்த பெரியவர் தாமாகவே பேச்சுக் கொடுத்தார். வயது எண்பதை நெருங்கும். தேயிலைத் தோட்டத்தில் உழைத்து உரமேறிய கைகள்.

“தியலும பாக்க வந்தீங்களா தம்பி? எல்லாரும் தண்ணி விழுறதப் பாக்கத்தான் வாராங்க. மண்ணு விழுந்த இடத்தப் பாக்க ஒருத்தரும் வாரதில்ல” என்றார்.

அவர் குறிப்பிட்டது மீரியபெத்தையை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் வேளையில், கொஸ்லந்தைக்கு மேலுள்ள அத்தோட்டத்தின் மலைச்சரிவு பெயர்ந்து லயங்களின் மீது சரிந்தது. குடும்பம் குடும்பமாக மக்கள் மண்ணுள் மறைந்தனர். பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று என 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எனினும் அம்மக்கள் அங்கேயே இருந்தனர். வேறு எங்கே போவார்கள்? தாம் உறங்கும் அறையும் அது நிற்கும் நிலமும் தமக்குச் சொந்தமில்லாதவர்கள் அவர்கள். தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நெடுநாள் தங்கியிருந்தனர்; அதன் பின்னரே புதிய வீடுகள் கிடைத்தன.

“ஓட்டு இருந்திருந்தா அந்தக் காலத்துலயே எங்களுக்குக் காணி கிடைச்சிருக்கும் தம்பி” என்றார் பெரியவர். மண்சரிவைப் பற்றிய பேச்சு வாக்குரிமைக்குத் திரும்பியது இங்ஙனமே.

அவருடைய தந்தையார் 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்களித்தவர். அத்தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர். சௌமியமூர்த்தி தொண்டமானும் சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் அடங்குவர். சுதந்திரம் வந்த 1948 ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. அடுத்த ஆண்டில் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. முன்னைய தேர்தலில் வாக்களித்த இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து மறைந்தன. 1952 ஆம் ஆண்டில் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தும் பயனேதும் விளையவில்லை.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாமென விட்டுவிட்டது. பெரியவரின் தமையன் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி, ஈற்றில் நீலகிரியில் குடியேறியது. இவரோ இங்கேயே நாடற்றவராக நின்றார். 1988 ஆம் ஆண்டின் சட்டமே இவரைப் பிரஜையாக்கியது. இன்னும் விடுபட்டவர்களுக்கென 2003 ஆம் ஆண்டில் மற்றுமொரு சட்டம் வேண்டியிருந்தது.

“கல்யாணம் முடிச்சு, நாலு பிள்ளையும் பிறந்த பிறகுதான் தம்பி நான் முதல் ஓட்டுப் போட்டேன்” என்றார் அவர். “அதுக்கப்புறம் ஒரு தேர்தலும் விட்டதில்ல.”

“2024 ஆம் ஆண்டிலும் போட்டீர்களா, ஐயா?” என்று கேட்டேன்.

“போடாம? ஆனா நான் போட்டவரு முதல் ரெண்டு இடத்துல வரல்ல. அதோட நம்ம ஓட்டு முடிஞ்சு போச்சு.”

வாசகர்களுக்கு அத்தேர்தல் நினைவிருக்கும். இலங்கையில் மக்கள் நேரடியாக ஜனாதிபதியைத் தெரிவு செய்யத் தொடங்கியது 1982 ஆம் ஆண்டில். அன்று முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும், வென்றவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றுவிட்டார். 1988 இல் ரணசிங்க பிரேமதாசவுக்கு 50.43 வீதமும், 2005 இல் மகிந்த ராஜபக்சவுக்கு 50.29 வீதமும் கிடைத்தன. மயிரிழையில் என்றாலும் பாதி கடந்ததால் இரண்டாம் எண்ணிக்கை தேவைப்படவில்லை. 42 ஆண்டுகளாக அந்த ஏற்பாடு சட்டப் புத்தகத்தில் உறங்கிக் கிடந்தது.

2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி சனிக்கிழமை வாக்களிப்பு நடந்தது. செல்லுபடியான வாக்குகள் 1 கோடியே 33 இலட்சத்து 19 ஆயிரத்து 616. அவற்றுள் அநுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்குகளைப் பெற்றார், இது 42.31 வீதம். சஜித் பிரேமதாச 43,63,035 வாக்குகளைப் பெற்றார், இது 32.76 வீதம். மூன்றாம் இடத்தில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 17.27 வீதத்துடன் நின்றார். பதுளை மாவட்டத்தில் முதலிடம் சஜித்துக்கே கிடைத்தது. மலையகக் கட்சிகளும் ஒரு முகமாக நிற்கவில்லை: இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலையும், தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தையும் ஆதரித்தன.

எவரும் பாதியைத் தாண்டவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமையன்று, இலங்கை வரலாற்றில் முதன்முறையாக, இரண்டாம் எண்ணிக்கை ஆரம்பமாயிற்று.

அது எவ்வாறு நடைபெறுகிறது? இதை எனக்கு விளக்கியவள் பெரியவரின் பேத்தி. தேநீர் அருந்தியபின் அவர் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அச்சிறுமி, தன் வகுப்பில் நடந்த ஒரு சம்பவத்தைக் கூறினாள்.

வகுப்பில் 21 பேர். சுற்றுலா எங்கே செல்வது? எல்ல என்றவர் 9 பேர். கதிர்காமம் என்றவர் 8 பேர். செலவு குறைவென்று தியலும போதுமென்றவர் 4 பேர். பாதி கடக்க 11 வேண்டும், எதற்கும் இல்லை. ஆசிரியை தியலுமவை நீக்கிவிட்டு, அந்த நால்வரின் துண்டுகளை மட்டும் மீண்டும் எடுத்தார். மூவர் இரண்டாவது விருப்பமாகக் கதிர்காமம் என எழுதியிருந்தனர். ஒருவர் ஒன்றும் எழுதவில்லை. கதிர்காமம் 11, எல்ல 9. எல்லோரும் கதிர்காமம் சென்றனர்.

“அந்த மூணு பேரும் ‘2’ போடாம விட்டிருந்தா நாங்க எல்லவுக்குத்தான் போயிருப்போம்” என்று சிரித்தாள் சிறுமி.

நாட்டின் தேர்தலிலும் முறை இதுவே. வாக்காளர் தம் முதல் விருப்புக்கு நேரே 1 என எழுதலாம். விரும்பினால் வேறு இருவருக்கு 2, 3 எனவும் எழுதலாம். எவரும் பாதியைக் கடக்காவிடின், முதலிரு இடங்களில் உள்ளோரைத் தவிர ஏனையோர் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் 2 என்ற இலக்கம் எஞ்சிய இருவருள் ஒருவருக்கு இடப்பட்டிருந்தால், அவ்வாக்கு அவரைச் சேரும். 2 என்பதும் நீக்கப்பட்ட ஒருவருக்கே இடப்பட்டிருந்தால் 3 நோக்கப்படும். முதலிருவருக்கு வாக்களித்தோரின் சீட்டுகளில் இரண்டாம் விருப்பு நோக்கப்படுவதேயில்லை. எனவே 2 என எழுதுவதால், 1 என எழுதப்பட்டவருக்கு அணுவளவும் தீங்கு வராது.

“நீங்கள் ஏன் இரண்டு எழுதவில்லை, ஐயா?” என்று பெரியவரை வினவினேன்.

“ஒண்ணு மட்டும் போடு, ரெண்டு போட்டா ஓட்டே செல்லாமப் போயிடும்னு சொன்னாங்க தம்பி. நாப்பது வருசம் ஓட்டில்லாம இருந்தவன். கிடைச்ச ஓட்டு செல்லாமப் போயிடுமோன்னு பயந்துட்டேன்.”

இச்சொற்கள் என் நெஞ்சைத் தைத்தன. முதலிருவர் அல்லாதோருக்கு அத்தேர்தலில் கிடைத்த வாக்குகள் மொத்தம் 33,21,666. இவ்வளவு சீட்டுகளும் இரண்டாம் எண்ணிக்கையில் பேசியிருக்கக்கூடியவை. ஆனால் அவற்றுள் அநுரவைச் சேர்ந்தவை 1,05,264. சஜித்தைச் சேர்ந்தவை 1,67,867. இரண்டையும் கூட்டினால் 2,73,131. அதாவது நூற்றுக்கு எட்டு. எஞ்சிய 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் இறுதித் தீர்ப்பில் வாய் திறக்கவேயில்லை. இருவரையும் விரும்பாமல் வேண்டுமென்றே வெற்றிடம் விட்டவர்கள் அவர்களுள் இருந்திருக்கலாம். அஃது அவர்தம் உரிமை. ஆயினும் நம் பெரியவரைப்போல் அறியாமையாலும் அச்சத்தாலும் மௌனமானோர் எத்தனை பேரோ!

இறுதியில் அநுர 57,40,179 வாக்குகளும் சஜித் 45,30,902 வாக்குகளும் பெற்றனர். இரண்டாம் விருப்புகள் சஜித்துக்கே அதிகம் கிடைத்தும், முதல் எண்ணிக்கையில் இருந்த 12 இலட்சத்துக்கு மேற்பட்ட இடைவெளியை அவை நிரப்பப் போதவில்லை. இருவருக்குமிடையே எஞ்சிய வாக்குகளில் அநுரவின் பங்கு 55.89 வீதம். செல்லுபடியான வாக்குகள் அனைத்தையும் கொண்டு கணித்தாலோ அது 43 வீதமே. வெற்றி சட்டப்படி முழுமையான வெற்றியே, ஐயமில்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்டோரின் ஒப்புதலைத் தேடவேண்டுமென்று வகுக்கப்பட்ட முறை, மக்கள் தம் இரண்டாம் விருப்பைச் சொல்லாதவிடத்துத் தன் நோக்கில் பாதிவழியிலேயே நின்றுவிடுகிறது.

பிற நாடுகளில் வேறு வழிகளும் உண்டு. பிரான்சில் முதலிருவருக்கென மக்கள் மீண்டும் ஒருமுறை வாக்குச்சாவடிக்கு வருகின்றனர். 1965 டிசெம்பர் 5 ஆம் திகதி பாதி கிட்டாத ஜெனரல் த கோல், அதே மாதம் 19 ஆம் திகதி நடந்த மறுவாக்களிப்பில் மித்தரானை வென்றார். நம் முறையில் கொழுந்து பறிக்கும் தாய் மற்றொரு நாள் மலையிறங்கி வரவேண்டியதில்லை. இரண்டு நாள் வேலையையும் ஒரே சீட்டில் முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சீட்டை முழுமையாகப் பயன்படுத்த அவள் அறிந்திருக்க வேண்டும்.

இந்தியாவின் உதாரணம் நமக்கு இன்னும் அணித்தானது. அங்கே குடியரசுத் தலைவரை மக்கட் பிரதிநிதிகளே தெரிவு செய்கின்றனர். 1969 ஆம் ஆண்டில் வி. வி. கிரியும் நீலம் சஞ்சீவ ரெட்டியும் மோதியபோது முதல் எண்ணிக்கையில் எவருக்கும் பாதி கிட்டவில்லை. இரண்டாம் விருப்புகளைச் சேர்த்தபின் 4,20,077 வாக்குப் பெறுமதியுடன் கிரி வென்றார். ரெட்டிக்குக் கிடைத்தது 4,05,427. அந்தக் கிரி யார்? 1947 முதல் 1951 வரை கொழும்பில் இந்தியாவின் உயர் ஸ்தானிகராக இருந்தவர். மலையகத் தொழிலாளரின் வாக்குரிமை பறிபோனது அவர் இங்கே பதவி வகித்த அதே ஆண்டுகளில்தான். அவர்களுடைய ‘1’ கூட மறுக்கப்பட்டதை அருகிருந்து கண்டவர், பின்னாளில் பிறருடைய ‘2’ என்ற இலக்கத்தால் ஒரு பெரும் நாட்டின் தலைவரானார்! விதியின் விளையாட்டு எத்துணை விசித்திரமானது!

மாலை மங்கிற்று. மலையிலிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கியது. விடைபெற எழுந்தேன். சிறுமி தன் அப்பியாசக் கொப்பியில் ஒரு வாக்குச்சீட்டை வரைந்து தாத்தாவின் முன் வைத்திருந்தாள். அதில் வேட்பாளர்கள் மாம்பழம், பலாப்பழம், வாழைப்பழம். பெரியவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பலாப்பழத்துக்கு நேரே 1 என எழுதினார். சற்றுத் தயங்கினார். பின்பு மாம்பழத்துக்கு நேரே 2 என எழுதினார்.

“இது செல்லுமா?” என்று பேத்தியிடம் கேட்டார்.

“செல்லும் தாத்தா. ரெண்டும் செல்லும்.”

அடுத்த ஜனாதிபதித் தேர்தல் வரும்போது அவளுக்கும் வாக்குரிமை வந்திருக்கும். தாத்தாவுக்குப் பிரஜாவுரிமை கிட்டவே நாற்பது ஆண்டுகள் சென்றன. இவளுக்கோ பதினெட்டு வயது நிரம்பினால் போதும். பேருந்து பெரகலையை நோக்கி மலையேறியபோது, மீரியபெத்தைப் பக்கத்துச் சரிவுகளைப் பனி மூடியிருந்தது. இடையிடையே லயங்களின் விளக்குகள் தெரிந்தன. அவ்விளக்குகளின் கீழ் வாழும் ஒவ்வொரு வீட்டிலும் இப்படியொரு சிறுமி ஒரு வாக்குச்சீட்டை வரைந்து காட்டமாட்டாளா என்று எண்ணியவாறே ஊர் திரும்பினேன்.