சத்தியவேட்டில் நான்கு நாட்கள்

பயணக் கட்டுரை என்றவுடன் கோபுரங்களையும் அருவிகளையும் அன்பர்கள் எதிர்பார்ப்பார்கள். நான் எழுத முற்பட்டிருப்பதோ ஓர் அடுப்பங்கரையைப் பற்றி. சென்ற தை மாதம் தாய்நாடு சென்றிருந்தபோது, என் தந்தையார் பிறந்த ஊராகிய சத்தியவேட்டில் நான்கு நாட்கள் தங்கினேன். அங்கே கற்றுவந்தவை நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்னும் நம்பிக்கையால் இதனை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து செங்குன்றம், பெரியபாளையம் வழியாக ஊத்துக்கோட்டையை அடைந்தோம். ஆரணியாற்றங்கரையில் அமைந்த அவ்வூரைக் கடந்தால் ஆந்திர மாநிலம். பெயர்ப்பலகைகளின் எழுத்துத்தான் மாறுகிறது. நெல்லும் வேர்க்கடலையும் மாந்தோப்பும் இருபுறமும் ஒன்றே. கண்டலேறு அணையிலிருந்து பூண்டி ஏரிக்குக் கிருஷ்ணா நதிநீரைக் கொண்டுவரும் கால்வாயும் இவ்வூரின் அருகேதான் எல்லையைக் கடக்கிறது. 1996 இல் முதன்முதலாக அந்நீர் வந்தது முதல், சென்னையில் பொங்கும் சோற்றிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு.

சத்தியவேடு முன்னர்ச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. படாஸ்கர் அவர்களின் தீர்ப்பை ஒட்டி 1959 இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 2022 இல் திருப்பதி மாவட்டம் உருவானபோது அம்மாவட்டத்திற்கு மாற்றப்பெற்றது. இத்தனை மாற்றங்களையும் என் அத்தை ஒரே வீட்டில் இருந்துகொண்டே கண்டவர். 1960 இல் அவர் பள்ளிச் சிறுமி. இப்பொழுது 75 வயதைக் கடந்துவிட்டார்.

முதல் நாள் இரவு உணவின்போது, “உன் பிள்ளைகள் அங்கே என்ன சாப்பிடுகிறார்கள், கண்ணு?” என்று அத்தை கேட்டார். உண்மையைச் சொன்னேன். நானும் என் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். வாரத்தில் நான்கு நாட்கள் கடையிலிருந்து அட்டைப்பெட்டிகளில் உணவு வருகிறது. “உங்கள் அம்மா களி கிண்டுவாளே, அதுகூடவா இல்லை?” என்றார். என் தாயார் மறைந்து ஏழாண்டுகள் ஆகின்றன. அவரிடம் அளவுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பதில் கூற முடியாமல் தலைகுனிந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் அத்தை என்னை அடுப்படிக்கு அழைத்தார். தெலுங்கில் ‘சங்கடி’ என்றும் தமிழில் ‘களி’ என்றும் அவ்வீட்டில் மாறிமாறி வழங்கும் உணவு அது. அரைக் கோப்பை அரிசியை மூன்றரைக் கோப்பை நீரில் குழைய வேகவிட வேண்டும். நீர் சற்று மிஞ்சியிருக்கும்போதே உப்பிட்டு, ஒரு கோப்பைக் கேழ்வரகு மாவை நடுவில் குவித்து, கிளறாமல் மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம் விட வேண்டும். பிறகு துடுப்பால் கட்டியின்றிக் கிளறி, கையை நனைத்துக்கொண்டு உருண்டை பிடிக்க வேண்டும். வறுத்த வேர்க்கடலை ஒரு கோப்பை, வறுத்த மிளகாய் ஆறு, பூண்டு மூன்று பல், சிறிது புளி, உப்பு ஆகியவற்றை அரைத்தால் துணைக்குத் துவையல் ஆயிற்று. அரைமணி நேரத்தில் நால்வர் வயிறு நிறைந்தது.

பகலில் புளிச்சகீரைப் பருப்பு. ஒரு கோப்பைத் துவரம்பருப்பை முதலில் தனியே வேகவைத்தார். “கீரையைச் சேர்த்துப் போட்டால் புளிப்பு ஏறிப் பருப்பு வேகாது, கண்ணு” என்று எச்சரித்தார். ஒரு கட்டுக் கீரையை வெங்காயம், பச்சைமிளகாயோடு வதக்கிப் பருப்பில் கூட்டிக் கடைந்து, கடுகும் பூண்டும் தாளித்தார். தனியே புளி வேண்டியதில்லை. பர்மியரும் இக்கீரையை விரும்பி உண்பவர்கள். வெளிநாட்டு நகரங்களில் அவர்களுடைய கடை இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, பருப்புப் பொடி. துவரம்பருப்பு ஒரு கோப்பை, கடலைப்பருப்பு கால் கோப்பை, மிளகாய் ஆறு, சீரகம் ஒரு கரண்டி, சிறிது பெருங்காயம் ஆகியவற்றை எண்ணெயின்றிச் சிவக்க வறுத்து, ஆறியபின் உப்புச் சேர்த்துப் பொடித்து, ஈரமற்ற புட்டியில் வைத்தால் ஒரு மாதம் கெடாது. சூடான சோறும் நெய்யும் இருந்தால் போதும். அத்தையின் மகன் அருகிலுள்ள ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். இரவுப் பணிக்குப் புறப்படும்போது அவர் எடுத்துச் செல்வது பெரும்பாலும் இந்தச் சோறுதான். பணிக்குச் செல்வோருக்குக் கடை உணவே வழி என்ற என் வாதம் அங்கே தகர்ந்தது.

இடையே ஒருநாள் நாகலாபுரத்தில் மச்சாவதாரத் திருமாலையும், சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட கோலத்தில் உள்ள சிவபெருமானையும் தரிசித்தோம்.

புறப்படும் நாளன்று அத்தையின் பேத்தி ஒரு தாளை நீட்டினாள். பாட்டி கூறிய அளவுகளை அவள் எனக்காக எழுதி வைத்திருந்தாள். சொற்கள் தமிழ், எழுத்தோ தெலுங்கு. அவள் பள்ளியில் கற்றது அதுவே. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. “நான் படிக்கிறேன், சித்தி, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்” என்றாள். அவள் படிக்கப் படிக்க நான் தமிழில் எழுதிக்கொண்டேன். அருகில் அமர்ந்திருந்த அத்தை, “உப்பைச் சொன்னாயா?” என்று இருமுறை கேட்டுத் திருத்தினார்.

திரும்பும் வழியெல்லாம் அதையே எண்ணிக்கொண்டு வந்தேன். அவ்வூரின் மாநிலத்தைச் சட்டம் மாற்றியது. பள்ளியின் எழுத்தும் மாறியது. ஆயினும் அவ்வீட்டின் களியும் கீரையும் மாறவில்லை. என் வீட்டிலோ எந்தச் சட்டமும் இன்றி, என் சோர்வு ஒன்றினாலேயே ஏழாண்டுகளில் அவை மறைந்துவிட்டன.

இப்பொழுது ஞாயிறுதோறும் என் வீட்டில் களி. துடுப்பைப் பிடிப்பவன் பதினொரு வயதான என் மகன். முதல் வாரம் கட்டி தட்டியது. இரண்டாம் வாரம் அடிப்பிடித்தது. மூன்றாம் வாரம் உருண்டை திரண்டது. சகோதரிகளே, உங்கள் வீட்டு மூத்தோரிடம் கேட்க வேண்டிய அளவுகள் ஏதேனும் இருப்பின், இன்று மாலையே தொலைபேசியில் அழைத்துக் கேட்டு, நம் எழுத்தில் குறித்து வையுங்கள். உப்பின் அளவையும் மறவாமல் கேளுங்கள்.