கடல் தெரியாத ஊரில் புயலின் திசை

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போரூரைக் கடந்ததும் வருவது ஐயப்பன்தாங்கல். உயர்ந்த மாடிகளிலிருந்து போரூர் ஏரி தெரியும், கடல் தெரியாது. ஆயினும் வங்கக் கடலின் புயல் எத்திசையில் உள்ளதென்பதை இங்கிருந்தே அறியலாம். காற்று முற்றுமுன், அதற்கு முதுகு காட்டி நில்லுங்கள். புயலின் மையம் உங்கள் இடப்பக்கம் இருக்கும். பூமியின் வடபாதியில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதே காரணம். வட அட்லாண்டிக்கின் குளிர்காலப் புயல்களுக்கும் இதே விதிதான்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தது. பாகிஸ்தான் சூட்டிய பெயர், பொருளோ ரோஜா! ரபீயுல் அவ்வல் மாதம் அது. முதலில் வீசியது வடகாற்று. புயல் கிழக்கே, கடலில் இருந்தது. பிற்பகலில் அது சென்னையருகே கரையேறியபோது நகரின் பல பகுதிகளில் காற்று சட்டென ஓய்ந்தது. ஓய்ந்தது புயலன்று, அதன் கண் தலைக்கு மேல் நின்றது. சற்று நேரத்தில் தெற்கிலிருந்து காற்று சீறியது. வடகாற்றைத் தாங்கி நின்ற மரங்கள் பல அப்போது சாய்ந்தன.

அது அஸருடைய வேளை. அமைதியை நம்பிப் பள்ளிவாசலுக்குப் புறப்படத் தோன்றும். கடும் மழையிலும் காற்றிலும் வீட்டிலேயே தொழுதுகொள்ள மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. தென்காற்றும் அடங்கிய பின்னரே கதவைத் திறக்கலாம்.