கல்மரத்துக்குப் போன வழி

2020 அக்டோபரில் எங்கள் தறிப்பட்டறை வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றியது. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி வெட்டும்போது உருண்டை உருண்டையாகக் கல் கிடைத்திருக்கிறது, டைனோசர் முட்டையாம். புவியியலாளர்கள் பார்த்துவிட்டு, முட்டையுமில்லை ஒன்றுமில்லை, அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரைச் சுற்றி மண் இறுகிய உருண்டை என்றார்கள். அந்த மறுப்பைக் குழுவில் யாரும் போடவில்லை. என் மகன் மட்டும் ஏமாறாமல், "அப்ப அங்க கடல் இருந்துச்சாப்பா?" என்று கேட்டான். பதில் சொல்ல ரெண்டு வருஷம் ஆயிற்று. ஒரு மாசி மாதம், பட்டறைக்கு லீவு விட்டு, ஜலகண்டாபுரத்திலிருந்து கிளம்பினோம்.

தாரமங்கலம், சேலம், ஆத்தூர். எங்கள் பக்கத்துப் பாறை ஏறத்தாழ 250 கோடி வருஷத்துப் பழசு. வெந்து, அழுந்தி, உருமாறிய கல். அதில் சிப்பி தேடுவது வீண்வேலை. பெரம்பலூர் தாண்டியதும் நிலம் வேறாகிறது. கரிசல், மக்காச்சோளம், வெடித்து நிற்கும் பருத்தி. நூல் விலையைத் திட்டியே காலம் தள்ளுகிற நான், பருத்திக் காட்டைக் கிட்டத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று!

சாத்தனூர் கல்மரம் கம்பி வேலிக்குள் படுத்திருக்கிறது. 18 மீட்டருக்கு மேல் நீளம். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் கண்டெடுத்துச் சொன்னது. வயது 10 கோடி ஆண்டு வாக்கில், 12 கோடி என்பாரும் உண்டு. ஆற்றோடு வந்த மரம் ஆழமில்லாத கடலில் அமிழ்ந்து, சேற்றில் புதைந்து, மரத்தின் செல் இருந்த இடத்திலெல்லாம் கனிமம் ஏறி அப்படியே கல்லாகிவிட்டது. தச்சன் இழைத்து முடிக்காத உத்தரம் போலத்தான் இருந்தது. மகன் கம்பிக்குள் மூக்கை நுழைத்து, "பட்டை தெரியுதுப்பா" என்றான். எனக்கு அது பட்டையா வெடிப்பா என்று தெரியவில்லை. ஆமாம் என்றேன்.

காரை கிராமத்துப் பக்கம்தான் நாங்கள் வாயடைத்து நின்ற இடம். மழை கீறிக் கீறி மண்மேடுகளில் ஓடை ஓடையாக வெட்டிவைத்திருக்கிறது. புல் இல்லை, நிழல் இல்லை, ஜிப்சம் சில்லுகள் உடைந்த கண்ணாடி போல வெயிலில் மின்னுகின்றன. குனிந்தால் பெலம்னைட். கணவாய் இனத்தின் உள்ஓடு இது. சுண்டுவிரல் தடிமன், ஒரு முனை கூர். பார்த்தவர்கள் துப்பாக்கித் தோட்டா என்பார்கள். எனக்குத் தறியில் ஊடைநூல் சுற்றிய தார்க்குச்சிதான் ஞாபகம் வந்தது, நாடாவுக்குள் போட்டால் ஓடும் போல. ஆடு மேய்த்த ஆயா ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னா தம்பி தேடுற?"

"கடல் கல்லு ஆயா."

"இதுக்கா இம்புட்டு தூரம்? எம்பேரன் டப்பா டப்பாவா வெச்சிருந்தான். மருமவ குப்பையில கொட்டிட்டா."

மகன் எடுத்ததைக் கீழே வைக்கச் சொன்னேன். வைத்தான், ரொம்ப மெதுவாக.

இந்த மண்ணை வெள்ளைக்காரர்கள் 1840களிலேயே தோண்டிப் பொறுக்கினார்கள். கே, கன்லிஃப் என்ற இருவர் சேர்த்த ஓடுகளை லண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். பிளான்ஃபோர்டு என்பவர் நிலப்படம் போட்டார். ஸ்டாலிட்ஸ்கா என்ற செக் நாட்டுக்காரர் கல்கத்தாவில் இருந்துகொண்டு பக்கம் பக்கமாக எழுதினார்; 1874இல், லடாக் மலைப் பயணத்தில், 36 வயதில் இறந்தார். அவர் அளவுக்குக் காரைக் கல்லைத் தெரிந்தவர்கள் காரையில் அப்போது யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இப்போதும் கஷ்டம்தான்.

அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் எங்களைத் தூசியில் குளிப்பாட்டின. அந்தக் கல்லில் பாதி கடலுயிர்களின் ஓடு. எங்கள் பட்டறைத் தரைக்குப் பூசிய சிமெண்டும் இந்தப் பக்கத்து மூட்டைதான்.

அடுத்து கல்லமேடு. அதற்கு முன் வேறோர் ஊரைச் சொல்ல வேண்டும்: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வின்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. 1999இல் ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் கண்ணில் டைனோசர் எலும்பு பட்டது. இன்று அங்கே அருங்காட்சியகம், எலும்பைச் சுத்தம் செய்யும் கூடம், வரிசையாய் வரும் பயணிகள். நம் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்தது அதைவிடப் பெரிய விலங்காகக்கூட இருக்கலாம். 1980களில் யாதகிரி, அய்யாசாமி இருவரும் விவரித்து, ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பேருடம்பன். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் என்று எழுதினார்கள். மாவுக்கட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள். கட்டுக்குள்ளேயே எலும்பு பொடிந்துபோயிற்று. மிஞ்சியவை கோட்டுப் படங்களும் சில புகைப்படங்களும். அதனால்தான் சந்தேகப்படுகிறவர்கள் இன்னும் சந்தேகப்படுகிறார்கள்.

கல்லமேட்டுக்குப் போகும்போது பொழுது சாய்ந்திருந்தது. கைப்பேசி வரைபடத்தை நம்பி முட்டுச்சந்தில் ஒருமுறை நின்று, திரும்பி வந்தோம். சீமைக்கருவேல மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு பையன் நின்றிருந்தான், என் மகன் வயசுதான்.

"என்ன பாக்க வந்தீங்க?"

"டைனோசர் எலும்பு," என்றான் என் மகன்.

"எங்க இருக்கு?"

"இல்ல. தூளாயிருச்சு."

அந்தச் சைக்கிள் பையன் கொஞ்ச நேரம் காலடி மண்ணைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் விரலால் அதைக் கிளற ஆரம்பித்தான்.