பழைய டாக்ஸி ரேடியோவுக்குப் புது வேலை

டாக்ஸியிலும் தீயணைப்பு வண்டியிலும் இருக்கும் ரேடியோவும், ஹாம் ரேடியோக்காரர்கள் வைத்திருக்கும் ரேடியோவும் கிட்டத்தட்ட ஒரே ஜாதி. அமெரிக்காவில் ஹாம்களின் 2 மீட்டர் பகுதி 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை. 150-ஐத் தாண்டியதுமே வணிக ரேடியோக்களின் இடம். அடுத்த வீடு என்றே சொல்லலாம்!

வித்தியாசம் பூட்டில்தான் இருக்கிறது. ஹாம் ரேடியோவில் குமிழைத் திருகி வேண்டிய அதிர்வெண்ணுக்குப் போகலாம். வணிக ரேடியோவில் சானல் 1, சானல் 2, அவ்வளவுதான். ஓட்டுநர் தவறிக்கூட வேறு எங்கும் போய்விடக்கூடாதே!

இந்த ரேடியோக்கள் ஹாம்களிடம் எப்படி வந்தன? 1960-களில் அமெரிக்காவில் வணிக ரேடியோக்கள் குறுகிய சானல்களுக்கு மாறியபோது பழைய செட்டுகள் மலிவாகக் கிடைத்தன. ஹாம்கள் அவற்றை வாங்கி, உள்ளே இருந்த கிரிஸ்டலை மாற்றி 2 மீட்டரில் பேசினார்கள். அதே கதை மீண்டும் நடந்தது. 2013 ஜனவரி 1-க்குள் 25 கிலோஹெர்ட்ஸ் சானல்களை 12.5 ஆக்க வேண்டும் என்று எஃப்.சி.சி. கெடு வைத்தது. மாற முடியாத செட்டுகள் மறுபடி சந்தைக்கு வந்தன.

இப்போது கிரிஸ்டல் கிடையாது. சானல்கள் நினைவகச் சிப்பில் இருக்கின்றன. கணினியை இணைத்து எழுத வேண்டும். மோட்டரோலாவின் மேக்ஸ்டிராக், ஜிஎம்300 போன்றவற்றுக்கான மென்பொருள் டாஸில் ஓடுவது. வேகமான கணினியில் ஓட்டினால் நேரக்கணக்கு குழம்பி, ரேடியோவில் இருக்கும் தகவலே கெட்டுப்போகலாம். அதற்காகவே பழைய 386, 486 கணினிகளைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு.

எண்ணை எழுதினால் மட்டும் போதாது. ரேடியோவின் ஆஸிலேட்டர் அவ்வளவு கீழே இறங்கி 'லாக்' ஆக வேண்டும். ஆகாவிட்டால் பேச்சு வெளியே போகாது. மூடியைக் கழற்றி டியூன் செய்ய வேண்டியதுதான்.

அதெல்லாம் சரி, சட்டம் ஒப்புக்கொள்கிறதா? அமெரிக்காவில் லைசென்ஸ் உள்ள ஹாம் இப்படி மாற்றிப் பயன்படுத்தலாம். ஆனால் இது ஒருவழிப் பாதை. வணிக ரேடியோ இந்தப் பக்கம் வரலாம். சாதாரண ஹாம் ரேடியோ டாக்ஸி கம்பெனிக்குப் போக முடியாது. அந்தப் பக்கம் கருவிக்கே தனிச் சான்றிதழ் வேண்டும். இந்தப் பக்கம் பொறுப்பு முழுக்க ஆளின் தலையில். (இந்தியாவில் 2 மீட்டர் 144 முதல் 146 வரை மட்டுமே, இங்கும் லைசென்ஸ் கட்டாயம்.)

அந்தப் பொறுப்பில் முதல் வேலை, பழைய சானல்களை அழிப்பது. பலர் இதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். தீயணைப்புத் துறையின் சானல் சிப்பில் அப்படியே இருக்கும். அவர்களின் ரிப்பீட்டரைத் திறக்கும் டோனும் கூடவே இருக்கும். தெரியாமல் பட்டனை அழுத்தினால் போதும், ரிப்பீட்டர் திறந்துகொள்ளும். எஃப்.எம்.-மில் பலமான சிக்னல் பலவீனமானதை விழுங்கிவிடும். எரியும் கட்டடத்துக்குள்ளிருந்து ஒருவர் சின்ன வாக்கி டாக்கியில் உதவி கேட்கும் நேரமாக அது இருந்தால்?

புதுச் சானலை எழுதும் முன் பழையதைத் துடைக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.