பராமரிக்கும் கைகளின் கூலி

போரில் உறுப்பிழந்தோர்க்கு நட்டஈடு என்றதும் அரசாங்கங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கணக்கைத்தான் விரிக்கின்றன. கை போனால் இவ்வளவு, கால் போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு. உடம்பைக் கூறு போட்டு விலை வைக்கும் இந்தக் கணக்கில், உறுப்பிழந்தவனை நாள்தோறும் தூக்கிக் கழுவித் துடைத்துச் சோறூட்டும் இன்னொரு மனிதப் பிறவிக்கு வரி ஒன்றும் ஒதுக்கப்படுவதில்லை. அந்தப் பிறவி பெரும்பாலும் ஒரு தாய், இல்லையேல் மனைவி, இல்லையேல் கலியாணம் தள்ளிப்போன தங்கை.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் பெருந்தெருவில், வாழைச்சேனையைக் கடந்து வாகரைக்குப் போகும் வழியில் இருக்கிறது மாங்கேணி. 2004 டிசம்பரில் கடல் பொங்கி அழித்த கரை இது. அந்த ஈரம் காயுமுன்பே 2006இன் பிற்பகுதியில் வாகரைப் போர் மூண்டது; 2007 ஜனவரியில் படையினர் வாகரையைக் கைப்பற்றும்வரை இப்பகுதி மக்கள் எறிகணைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓடியவர்கள் திரும்பிவந்தார்கள். எல்லாரும் நடந்து வரவில்லை.

மாணவர்க்கு மாலை வகுப்பு நடத்தச் சென்ற நாம், அங்கே ஒரு வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டோம். இயக்கத்தில் இருந்து முள்ளந்தண்டில் காயப்பட்டவர் கட்டிலில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. யாரோ கொடுத்த சக்கர நாற்காலி ஒன்று தாழ்வாரத்தில் துருவேறி நின்றது; அந்த மணல் ஒழுங்கையில் அதன் சில்லு புதையுமே தவிர உருளாது. அறுபதைக் கடந்த தாயார், பேச்சை நிறுத்தாமலே மகனை ஒரு பக்கமாகப் புரட்டி, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்தார்.

"ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டணும் சேர். இல்லாட்டிப் புண் வந்திரும். முந்தி நான் கச்சான் புடுங்கப் போறதான். இப்ப போனா இவன ஆரு பார்க்கிற?"

அந்த அம்மையார் போகிறபோக்கில் சொன்ன கணக்கை நாம் பெருக்கிப் பார்த்தோம். நாளொன்றுக்கு 12 முறை; ஆண்டுக்கு 4,380 முறை. இதில் பாதி இரவில். சிறுநீர்க் குழாயைக் கவனிப்பதும், மலம் எடுப்பதும், துணி தோய்ப்பதும், மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு வாகனம் பிடிப்பதும் இதற்கு வெளியே. ஆஸ்பத்திரியில் இதே வேலையைச் செய்யும் தாதிக்குச் சம்பளமும் விடுமுறையும் ஓய்வூதியமும் உண்டு. வீட்டுக்குள் நடந்தால் இது பாசம் என்று பெயர் பெறுகிறது. பாசத்துக்குக் கூலி கேட்பது இழிவென்றும் சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு சௌகரியமான அறநெறி!

இலங்கையில் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. வலுவிழந்தோர் உரிமைகளுக்கென 1996இல் ஒரு சட்டம், படைவீரர் நலனுக்கென 1999இல் ரணவிரு சேவா அதிகாரசபைச் சட்டம், இழப்பீட்டு அலுவலகத்துக்கென 2018இல் மற்றொன்று. வறிய குடும்பங்களில் வலுவிழந்தவர்க்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்த்தியது நல்லதே. ஆனால் ஊன்றுகோலுடன் கடைக்குப் போய்வருபவருக்கும், புரட்டிவிட ஆளின்றேல் புண்ணாகிப் போகிறவருக்கும் அதே தொகைதான்.

இது தமிழ்த் தாய்க்கு மட்டும் நேர்ந்த அநீதி என்று எண்ணிவிடலாகாது. தென்னிலங்கைக் குடிசையொன்றில் முள்ளந்தண்டு முறிந்த சிப்பாயைப் புரட்டிப் படுக்கவைக்கும் சிங்களத் தாயும் அதே இரண்டு மணித்தியாலத்துக்குத்தான் கண்விழிக்கிறாள். வெற்றி பெற்ற படையின் ஊனமுற்ற வீரர்களே 2019இல் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பு வீதியில் அமர நேர்ந்ததென்றால், தோற்ற தரப்பில் நின்றவனின் தாய் எந்த வாசலில் போய் அமர்வாள்?

பிற நாடுகள் இதை எப்படி எண்ணின? இந்தியாவில் முழு ஊனமுற்ற முன்னாள் படைவீரர்க்கு, ஓய்வூதியத்துக்கு மேலாக, உடனிருந்து பார்ப்பவருக்கென்றே தனிப்படி உண்டு. பிரித்தானியாவிலும் போர் ஓய்வூதியத்தோடு அத்தகைய படி இருந்தது; 1971இல் படையோடு தொடர்பில்லாத கடும் நோயாளர்க்கும் வழி திறந்தது. பகலில் உதவி தேவையா, இரவிலும் தேவையா என்று கேட்டே அங்கே தொகையை வகுக்கிறார்கள். ஆனால் 1976இல் பராமரிப்பவருக்கே ஒரு கொடுப்பனவு தந்தபோது மணமான பெண்களை விலக்கிவைத்தார்கள். எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது எண்ணம்! ஒரு பெண் வழக்காடி, ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்ற பிறகே 1986இல் அந்த விலக்கு நீங்கியது. கேரளம் படுக்கையிலுள்ளோரைப் பார்ப்பவர்க்கு மாதம் 600 ரூபாய் என்று திட்டமிட்டது. தொகை சொற்பம், எனினும் பராமரிப்பவரைத் தனி ஆளாக எண்ணினார்களே, அந்த அளவில் அது பெரிது.

நாம் கேட்பது இதுதான். பிரதேச செயலகத்தின் விண்ணப்பப் படிவத்தில் இரண்டு வினாக்கள் கூடட்டும்: பகலில் எத்தனை மணித்தியாலம், இரவில் எத்தனை முறை? விடைக்கேற்ற தொகை, பார்ப்பவரின் பெயருக்கே வரட்டும். எந்தப் படையில் இருந்தான் என்ற வினா அங்கே வேண்டாம். எறிகணை விழுந்து கிடையாய்க் கிடக்கும், எந்தப் படையிலும் இல்லாதவரும் அந்தப் படிவத்தை நிரப்பலாம். தொகை, ஒரு உதவியாளைக் கூலிக்கு அமர்த்தப் போதுமானதாகவும் இருக்கவேண்டும்; ஏனெனில் மாங்கேணித் தாயாருக்கு இப்போதே முழங்கால் வலி, இரவில் எழும்போது கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார்.